சேப்பாக்கம் மாளிகையும் பாலாற்றின் கடனும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். அவர்களுள் சேப்பாக்கம் மாளிகையை நின்று நோக்கியவர் மிகச் சிலரே. எழிலகம் எனும் அரசு அலுவலகக் கட்டடம் முன்னே நின்று மறைப்பதால், பின்னேயுள்ள செந்நிறச் சுவர்களும் கும்மட்டங்களும் எளிதிற் கண்ணில் படுவதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்குவோர் கடலிலிருந்தே கண்டு வியந்த மாளிகை அது. கர்நாடக நவாப் முஹம்மத் அலீ வாலாஜா கட்டி வாழ்ந்த வீடு அது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வாழும் நமக்கு, தொலைவிலுள்ள ஒரு கடலோர மாளிகையின் கதை எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்புண்டு. அவ்வீட்டின் கதை நம் ஊரில், நம் பாலாற்றங்கரையில் தொடங்கியது. அண்மைக் காலத்தில் அது மீண்டும் நம் ஆற்றையே வந்து தொட்டுள்ளது. இடைப்பட்ட இருநூற்றைம்பது ஆண்டுகளை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

ஆம்பூரிலிருந்து கடற்கரைக்கு

1749ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், ஆம்பூர் மலையடிவாரத்தில் ஒரு பெரும் போர் நிகழ்ந்தது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஒரு புறம் நின்றார். சந்தா ஸாஹிபும், முஸஃப்பர் ஜங்கும், அவர்களுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும் மறுபுறம் நின்றனர். முதியவரான அன்வருத்தீன் போர்க்களத்திலேயே மாண்டார். அவருடைய மகன் முஹம்மத் அலீ தப்பித் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிற் புகலடைந்தார். 1751இல் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றி, முற்றுகையைத் தாங்கி நின்றது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அடுத்த ஆண்டில் சந்தா ஸாஹிப் கொல்லப்பட்டார். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை முஹம்மத் அலீயைக் கர்நாடகத்தின் நவாப் என ஏற்றது. வாலாஜா எனும் விருது தில்லிப் பேரரசரிடமிருந்து கிடைத்தது. ஆற்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜாபேட்டை இன்றும் அவ்விருதையே தன் பெயராகச் சுமந்து நிற்கிறது.

ஆங்கிலேயரின் துணையால் அரியணை ஏறியவர், ஆங்கிலேயரின் கோட்டைக்கு அருகிலேயே வாழ விரும்பினார். ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே ஓர் அரண்மனை கட்டிக்கொள்ள முதலில் எண்ணினார். அது கைகூடவில்லை. எனவே கோட்டைக்குத் தெற்கே, கூவம் ஆற்றுக்கு அப்பால், கடலை நோக்கிய பரந்த வெளியில் 1768ஆம் ஆண்டளவில் மாளிகை எழுந்தது. கம்பெனியின் பொறியாளராக இருந்து பின்னர்க் கட்டட ஒப்பந்தக்காரராகவும் வட்டிக்குக் கடன் கொடுப்பவராகவும் மாறிய பால் பென்ஃபீல்டு என்பாரே இதனைக் கட்டியவர் என்பர்.

மாளிகை இரு பகுதிகளைக் கொண்டது. தென்புறத்தில் இரு மாடிகளுடன் கலஸ் மஹால், வடபுறத்தில் ஹுமாயூன் மஹால். 'கலஸ்' என்பது சில ஏடுகளில் 'கல்ஸா' என்றும் காணப்படுகிறது. 'காலிஸா' எனும் அரபுச் சொல், முகலாய ஆட்சி வழக்கில் வேறெவருக்கும் பங்கில்லாது அரசனுக்கே நேரடியாக உரிய உடைமையைக் குறிக்கும். பெயரை இவ்வழி கொள்வோமாயின், அதில் ஒரு படிப்பினை இருக்கிறது. 'எனக்கே உரியது' என்று பெயர் சூட்டப்பெற்ற அவ்வீடு, அதனைக் கட்டியவரின் வழியில் ஒரு நூற்றாண்டு கூட நிலைக்கவில்லை.

கடன் கட்டிய வீடு

நவாப் வாலாஜா கொடையாளர், கல்விமான்களைப் போற்றியவர், இதில் ஐயமில்லை. ஆயினும் வரலாறு எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அவருடைய ஆட்சி கடனில் மூழ்கிய ஆட்சி. படைச் செலவுக்குக் கம்பெனியிடம் பட்ட கடன் ஒரு புறம். பென்ஃபீல்டு போன்ற தனியாரிடம் கொடிய வட்டிக்கு வாங்கிய கடன் மறு புறம். அக்கடன்களுக்கு ஈடாக ஊர்களின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. வரி தண்டும் உரிமையைப் பெற்றவர்கள் உழவனைக் கசக்கிப் பிழிந்தனர். அந்த ஊழலை 1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எடுத்துரைத்த பேச்சு உலகறிந்தது. 'ஆற்காட்டு நவாபின் கடன்' என்பதே ஆங்கில அரசியலில் ஊழலுக்கு மறுபெயராயிற்று. பின்னாளில் ஆணையர் அமர்ந்து கணக்குகளை ஆய்ந்தபோது, கடன் என்று முறையிடப்பட்ட தொகையில் மிகப் பெரும்பகுதி பொய்யென்று தள்ளப்பட்டது. ஆனால் உழவன் கட்டிய வரி பொய்யன்று. கடலோரத்தில் மாளிகை ஒளிர்ந்தபோது, அதற்கான எண்ணெய் பாலாற்றங்கரை வயல்களிலிருந்து வந்தது என்றால் மிகையாகாது.

1795இல் வாலாஜா காலமானார். அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இதே மாளிகையில் இறக்கும் தறுவாயில் கிடந்தபோது, கம்பெனிப் படை மாளிகையைச் சூழ்ந்து நின்றது. அவருடைய மகன் ஆட்சியை ஒப்படைக்க மறுத்தார். உடனே அவரை ஒதுக்கி, அஸீமுத்தௌலா என்பாரைப் பட்டத்தில் அமர்த்தி, ஆட்சிப் பொறுப்பனைத்தையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. எஞ்சியது பட்டமும் உதவித் தொகையும் இம்மாளிகையும் மட்டுமே. 1855இல் கடைசி நவாப் குலாம் முஹம்மத் கௌஸ் கான் பிள்ளையின்றி மறைந்ததும் பட்டமும் ஒழிக்கப்பட்டது. மாளிகை கடன் தீர்ப்பதற்கென ஏலத்திற்கு வந்து, அரசின் கைக்குப் போயிற்று. பின்னர் 1870இல் 'ஆற்காட்டு இளவரசர்' எனும் பட்டம் அக்குடும்பத்திற்கு வழங்கப்பெற்றது. அவர்கள் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறினர். சேப்பாக்கம் மட்டும் அவர்களுக்குத் திரும்பவில்லை.

வீடு மடமாகும் மரபு

இவ்விடத்தில், மதரஸாவில் ஓதியவர்களாகிய நாம் மறக்கலாகாத ஒரு பெருமகனாரை நினைவு கூர்வோம். மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் (ரஹ்) அவர்கள் லக்னோவின் ஃபிரங்கி மஹாலில் பிறந்தவர்கள். நம் மதரஸாக்கள் பலவற்றில் இன்றும் ஓதப்பெறும் நிஜாமியாப் பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் திருமகனார். நவாப் வாலாஜா அவர்களை மதராஸுக்கு வரவழைத்து, பெரும் மரியாதையுடன் இருத்தி, மதரஸா அமைத்துக் கொடுத்தார். உஸூலுல் ஃபிக்ஹு கலையில் அவர்கள் எழுதிய 'ஃபவாத்திஹுர் ரஹமூத்' இன்றும் ஆலிம்களின் கையில் உள்ளது. ஹிஜ்ரி 1225இல் (1810) மறைந்த அவர்கள், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். வேலூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பின்னர்த் தழைத்த கல்வி மரபுக்கு நீரூற்றிய கைகளுள் அன்னாரின் கையும் ஒன்று.

அவர்கள் பிறந்த ஃபிரங்கி மஹாலின் பெயரை நோக்குங்கள். 'ஃபிரங்கி' என்றால் ஐரோப்பியன். அது ஓர் ஐரோப்பிய வணிகனின் வீடாக இருந்தது. முல்லா குத்புத்தீன் (ரஹ்) அவர்கள் தம் ஊரில் கொலையுண்டு குடும்பம் நிராதரவாக நின்றபோது, ஆலம்கீர் ஔரங்கஸேப் அவ்வீட்டை அவர்தம் மக்களுக்கு வழங்கினார். வணிகனின் வீடு கல்விமடமாயிற்று. அங்கிருந்து நிஜாமியாப் பாடத்திட்டம் இந்தியத் துணைக்கண்டம் முழுதும் பரவிற்று. பெயரை மாற்றவும் எவரும் கவலைப்படவில்லை. கல்லும் சுண்ணாம்பும் எவருடையவை என்பதைவிட, உள்ளே நடப்பது யாது என்பதே ஒரு கட்டடத்தின் மதிப்பை நிறுவுகிறது. பஹ்ருல் உலூம் அவர்களை வளர்த்த வீடே இதற்குச் சான்று.

சேப்பாக்கமும் தன் இரண்டாம் வாழ்வைக் கல்வியோடுதான் தொடங்கியது. 1862 முதல் 1920 வரை பொறியியற் கல்லூரி கலஸ் மஹாலில் நடைபெற்றது. இன்று கிண்டியில் புகழுடன் விளங்குவது அக்கல்லூரியே. பொதுப்பணித் துறையும் வருவாய்த் துறையும் இங்கே அமர்ந்தன. கட்டடக் கலைஞர் சிஷோம் இரு மஹால்களுக்கும் இடையே ஓர் உயர்ந்த கோபுரத்தை எழுப்பி, பழமையோடு புதுமையை இணைத்தார். அவரே கட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபம் மாளிகைத் தோட்டத்தின் வடபகுதியில் எழுந்தது. கிரிக்கெட் திடலும் நவாபின் தோட்டமாக இருந்த இடமே. கூவத்தின் கரையில் நவாபின் நீராடு மண்டபமாக இருந்த எண்கோண வடிவிலான 'மரைன் வில்லா' மட்டும் பிழைக்கவில்லை. பல்கலைக்கழகக் கட்டடத்திற்காக அது இடிக்கப்பட்டது.

கடலும் அதே இடத்தில் நிற்கவில்லை. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியபின், அதன் தென்புறத்தில் மணல் சேர்ந்து கொண்டே வந்தது. அலைகள் விலகிப் போயின. அந்த மணற்பரப்பின் ஓரத்தில்தான் 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச் சாலை அமைத்து 'மெரினா' எனப் பெயரிட்டார். ஆக, கடலருகே வாழ வந்த நவாபின் வீட்டை விட்டுக் கடலே விலகிச் சென்றுவிட்டது.

தீயும் சுண்ணாம்பும்

அலுவலகங்கள் அடைத்து அமர்ந்த வீடு மெல்ல மெல்ல நலிந்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கலஸ் மஹாலில் பெருந்தீ மூண்டது. மரத் தூலங்கள் எரிந்து மாடி சரிந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார்; வேறு சிலர் காயமுற்றனர். ஒரு பழைய கட்டடத்தைப் பேணாது விடுவதற்கு மனித உயிரே விலையாகும் என்பதை அந்நாள் உணர்த்திற்று. ஹுமாயூன் மஹாலோ தீயின்றியே அழிந்து கொண்டிருந்தது. கூரை இடிந்து, சுவர்களில் செடிகள் வேரோடிக் கிடந்தன.

நற்பேறாக, இடிப்பதை விடுத்துப் புதுக்குவதென அரசு முடிவு செய்தது. பொதுப்பணித் துறையின் பாரம்பரியப் பிரிவினர் சிமெண்டை ஒதுக்கிவிட்டு, பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்தையே கையாண்டனர். பழைய மதராஸ் முறையில், தேக்குத் தூலங்களின்மேல் செங்கற்களைச் சாய்வாக அடுக்கித் தளம் போட்டனர். சுண்ணாம்புடன் வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்த நீரைச் சேர்த்தனர். முதலில் கலஸ் மஹாலும் பின்னர் ஹுமாயூன் மஹாலும் மீண்டும் நிமிர்ந்து நின்றன. ஹுமாயூன் மஹாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமையுமென அரசு அறிவித்தது. கலஸ் மஹால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இத்தீர்ப்பாயம், காற்றும் நீரும் மண்ணும் மாசுறுவது பற்றிய வழக்குகளை விசாரிக்கும் மன்றமாகும்.

கடுக்காய் என்றதும் நம் பக்கத்து அன்பர்கள் புன்முறுவல் கொள்வர். நம் முன்னோர் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் அன்றோ? நவாபின் வீட்டுச் சுவரை இறுகச் செய்த அதே காய்தான் நம் ஊர்த் தோலுக்கும் பதம் தந்தது. ஆனால் கடுக்காயின் காலம் நீடிக்கவில்லை. அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை 1970களில் அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை ஊக்குவித்தது. குரோமிய உப்பால் விரைவிற் பதனிடும் முறை எங்கும் பரவிற்று. செல்வம் பெருகிற்று, அதனுடன் கழிவும் பெருகிற்று.

பாலாறு கேட்கும் நீதி

தோல் தொழிலை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. தோல் வணிகர்களின் கொடையன்றி 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும், 1969இல் ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரியும் எழுந்திரா. நம் மதரஸாக்களின் சமையலறை அடுப்புகளும் அவர்கள் ஈகையால் எரிந்தவையே. அந்த உப்பைத் தின்று வளர்ந்தவர்களுள் நாமும் ஒருவர்.

ஆயினும் மறு பக்கமும் உண்டு. கிணறுகள் கெட்டன, நிலங்கள் உவர்ந்தன, பாலாற்றங்கரைத் தென்னைகள் பட்டுப் போயின. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் அளித்த தீர்ப்பு, இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். மாசு செய்தவனே அதனை நீக்கும் செலவையும் பாதிப்புற்றோர்க்கு ஈட்டையும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்னும் நெறியை நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென அதில் நிலைநாட்டிற்று. அதன்வழி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேர் பாதிப்புற்றனர் எனக் கண்டறிந்து, 547 தொழிற்சாலைகள் ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. கழிவு நீரை வெளியே விடாது மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆயினும் விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைக்க நேர்ந்தது. பாதிப்புற்றோர்க்கு எஞ்சிய ஈட்டைக் கொடுக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்தெட்டு!

இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமிய இரசாயன ஆலையின் வளாகத்தில் குவிந்த கழிவைப் பற்றிய விவகாரமோ பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னேயே வந்தது. பாலாற்றின் ஒரு கரையில் ஆற்காடு, எதிர்க்கரையில் இராணிப்பேட்டை. ஆற்காட்டு நவாப் கட்டிய வீட்டில் அமர்ந்துள்ள மன்றத்தினிடம் நம் நிலமும் நீரும் முறையிட்டு நிற்கின்றன.

சில காலத்துக்கு முன் நம் ஊர்ப்பக்கத்து விவசாய நண்பர் ஒருவருடன் சென்னை சென்றிருந்தபோது, அவரை அழைத்துச் சென்று இம்மாளிகையைக் காட்டினோம். கிணற்று நீர் கெட்டுத் தென்னந்தோப்பை இழந்தவர் அவர். செங்கற் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். வரலாற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "இவ்வளவு பெரிய வீட்டுக்காரர் கடன்பட்டா போனார், ஹஜரத்து?" என்று கேட்டார். ஆம் என்றோம். சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு, "எங்களுக்கும் வர வேண்டியது இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் சொல்லில் கோபமில்லை. அதனாலேயே அது நம் நெஞ்சில் தைத்தது.

கடன் தீர்ந்த பின்னரே பங்கு

நம் சமுதாய மேடைகளில் சேப்பாக்கம் மாளிகையைப் பற்றிப் பேசுவோர் இருவகை. 'எங்கள் நவாப் கட்டிய வீடு' எனப் பெருமிதம் கொள்வோர் ஒரு வகை. 'எங்கள் வீடு பறிபோயிற்றே' எனப் பெருமூச்சு விடுவோர் மறு வகை. இருசாராரும் தம்மை வாரிசுகளாகவே எண்ணுகின்றனர். நம் ஃபராயிள் பாடத்தின் முதல் வரிசையை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். ஒருவர் இறந்தால், அடக்கச் செலவு போக எஞ்சியதில் முதலில் கடன் தீர்க்கப்பட வேண்டும். அதன்பின் மரண சாஸனம். அதற்கும் பின்னரே வாரிசுகளின் பங்கு. கடனை நிலுவையில் வைத்துவிட்டுப் பங்கு கேட்பதற்கு ஷரீஅத்தில் வழியில்லை.

நவாபின் பெருமைக்கு வாரிசென்று நிற்போமாயின், அவர் விட்டுச் சென்ற படிப்பினைக்கும் நாமே வாரிசுகள். ஆற்றங்கரை உழவனின் தோளில் சுமையை ஏற்றி எழுப்பப்படும் மாடம் நிலைப்பதில்லை என்பதே அப்படிப்பினை. அவர் வரியால் ஏற்றினார். நம் காலத்தில் கழிவு நீரால் ஏற்றினோம். பெயர்தான் வேறு. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த அடிப்படை விதிகளுள் ஒன்று. நீதிமன்றம் ஆணையிடும்வரை காத்திருந்து, பின்னரும் மேல்முறையீட்டில் ஆண்டுகளைக் கழிப்பது அவ்விதியை ஓதியவர்க்கு அழகாகாது. கல்லூரிக்கும் பள்ளிவாசலுக்கும் வாரி வழங்கிய கைகள், கொடைக்கு முன் கடன் என்பதை அறியாதவை அல்ல. நிலுவை இருப்போர் தாமே முன்வந்து தீர்ப்பார்களாயின், அது ஆயிரம் மேடைப் பேச்சுகளினும் மேலான தஅவாவாகும்.

மாளிகை நவாபின் குடும்பத்திற்குத் திரும்பாமற் போனது குறித்து நமக்கு வருத்தமில்லை. ஐரோப்பியனின் வீடு அறிவின் மடமானது போல, அரசனின் வீடு எளியவனின் முறையீட்டைக் கேட்கும் இடமானது. ஒரு கட்டடத்திற்கு இதைவிடச் சிறந்த மறுவாழ்வு வேறு யாது? 'எனக்கே உரியது' எனும் பொருள்பட விளங்கிய கலஸ் மஹால், இன்று எவருக்கும் தனியே உரியதல்லாத நீருக்காகவும் காற்றுக்காகவும் கதவு திறந்துள்ளது. அக்கதவின் வழியே நாம் வாரிசுகளாக நுழையப் போகிறோமா, கடனாளிகளாக நுழையப் போகிறோமா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

பாலாற்றில் என்றேனும் வெள்ளம் வருகையில் ஆம்பூர்ப் பாலத்தின்மீது மக்கள் கூடி நின்று பார்க்கின்றனர். முதியோர் கைகூப்பியும் கையேந்தியும் நிற்பதைக் கண்டிருக்கிறோம். அந்நீர் தெளிந்து ஓடும் நாளையும், அதன் கரையில் எவருக்கும் எவரும் கடன்படாது வாழும் நாளையும் அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.